டயக்னோசிஸ் கார்டில் எழுதியிருப்பதும் கைபேசியில் வருவதும்

கல்முனை நகரத்துக்குள்ளேயே இரண்டு அரச வைத்தியசாலைகள் இருக்கின்றன: அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும். தெற்கே நிந்தவூரும் அக்கரைப்பற்றும், மேற்கே சம்மாந்துறையும் உண்டு. பெரிய வருத்தம் என்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கும், புற்றுநோய் என்றால் சிலவேளை மகரகம வரைக்கும் போகிறோம். எங்கே போய் வந்தாலும் கையில் கிடைக்கும் டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில்தான் இருக்கும். 1987 இல் 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. ஆனால் நாட்டில் மருத்துவக் கல்வி ஆங்கிலத்தில் நடக்கிறது, ஆகவே கார்டும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகிறது. அன்றிரவு வீட்டில் யாராவது ஒருவர், பெரும்பாலும் ஓ.எல். படித்த பிள்ளை, அந்த எழுத்துகளைக் கைபேசியில் தட்டிப் பார்க்கிறது.

தேட வேண்டாம் என்று சொல்லும் வைத்தியர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உம்மாவுக்கோ வாப்பாவுக்கோ வந்திருப்பது என்ன என்று அறிய முனைவது இயல்பானது, பயனுள்ளதும்கூட. ஆனால் எதைத் தேடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கார்டில் எழுதியிருப்பதை விளங்கிக்கொள்ளவும் அடுத்த கிளினிக்கில் கேட்க வேண்டியதைத் தயாரிக்கவும் இணையம் நன்றாக உதவுகிறது. தீர்ப்பையும் மருந்தையும் அங்கே தேடப் போனால் ஆபத்து.

முதலில் எழுத்துகள். டி.எம். என்றால் சீனி வருத்தம். எச்.டி.என். என்றால் பிறசர். ஐ.எச்.டி. என்பது இதயத்துக்கு இரத்தம் குறைவாகப் போகும் நோய். சி.கே.டி. நாட்பட்ட சிறுநீரக நோய். பி.ஏ. என்று எழுதியிருந்தால் ஆஸ்துமா, கூகுளில் அதை மட்டும் போட்டால் பட்டப்படிப்புத்தான் வரும். மருந்துப் பக்கத்தில் வரும் மானே, நொக்டே இரண்டும் லத்தீன் சொற்கள், காலையும் இரவும். பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை. நோயின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தால் அது சந்தேகம் மட்டுமே, இன்னும் உறுதியாகவில்லை. இந்தக் கேள்விக்குறியைக் கவனிக்காமல் புற்றுநோய் என்று முடிவுகட்டி, கட்டாரிலும் சவூதியிலும் உள்ள பிள்ளைகளை அழவைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. இதயம் போதிய அளவு இரத்தத்தை இறைக்க முடியாத நிலையைத் தமிழில் 'இதயச் செயலிழப்பு' என்று எழுதுகிறார்கள். வாசிப்பவருக்கு இதயம் நின்றுபோனதாகவே கேட்கும். உண்மையில் இந்த நோயுள்ள பலர் மருந்தோடு ஆண்டுக்கணக்கில் நடமாடுகிறார்கள். ஸ்கேன் அறிக்கையில் ஆங்கிலத்தில் 'குறிப்பிடும்படி ஒன்றுமில்லை' என்ற பொருளில் வரும் சொல் நல்ல செய்தி, அந்த உறுப்பில் கோளாறு தென்படவில்லை என்று அர்த்தம். இயந்திரம் அதை மொழிபெயர்க்கும்போது, நோயாளியை யாரோ அலட்சியம் செய்தது போலத் தொனிக்கும். 'பொசிட்டிவ்' என்றாலும் நல்லது என்று பொருளில்லை. தேடிய பொருள் கிடைத்தது, அவ்வளவுதான்.

தமிழால் இதெல்லாம் முடியாது என்பதல்ல காரணம். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல், இரண வைத்தியம், இரசாயனம் எல்லாவற்றுக்கும் தமிழில் நூல்கள் வெளிவந்தன. அங்கே படித்து வெளியேறியவர்கள் 60 பேருக்கு மேல். அந்த வழி தொடர்ந்திருந்தால் நம் பிள்ளைகள் இன்று நள்ளிரவில் அகராதி புரட்ட வேண்டியிருக்காது.

எழுத்தை விடவும் அதிகம் ஏமாற்றுவது இலக்கம். என் உம்மாவின் கிளினிக் கொப்பியில் சி.கே.டி. என்று எழுதப்பட்டபோது கிறியாட்டினின் 130 ஆக இருந்தது. சில வாரம் கழித்துத் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் எடுத்த அறிக்கையில் 1.5. "நூத்தி முப்பது இருந்தது ஒண்டரைக்கு எறங்கிட்டே மகள், மருந்து நல்லா வேலை செய்யுது" என்று உம்மா சந்தோசப்பட்டார். இறங்கவில்லை. முதல் அறிக்கை லீட்டருக்கு மைக்ரோமோலில், இரண்டாவது டெசிலீட்டருக்கு மில்லிகிராமில். முதல் வகை இலக்கத்தை 88.4 ஆல் பிரித்தால் இரண்டாவது வகை கிடைக்கும். 130 என்பது 1.47, கிட்டத்தட்ட அதே அளவு. சீனிக்கும் இதே சிக்கல் உண்டு, அங்கே 18 ஆல் பிரிக்க வேண்டும். 126 மில்லிகிராமும் 7 மில்லிமோலும் ஒன்றே. தேடலில் இலக்கத்தை மட்டும் போடாமல், அதன் பக்கத்தில் உள்ள அலகையும் சேர்த்துப் போடுங்கள்.

கிறியாட்டினின் ஒரே அளவாக இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே அர்த்தமில்லை. சிறுநீரகம் எவ்வளவு வடிக்கிறது என்பதை வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணிக்கும் அளவை ஈ.ஜி.எஃப்.ஆர். என்கிறார்கள். 2021 ஆம் ஆண்டுச் சூத்திரத்தில் 1.47 ஐப் போட்டுப் பார்த்தேன். 25 வயது ஆணுக்கு ஏறத்தாழ 67 வருகிறது, 60 வயது ஆணுக்கு 54, 60 வயதுப் பெண்ணுக்கு 41. இந்த அளவு 60 இற்குக் குறைவாக மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாட்பட்ட நோய் என்பார்கள். 60 இற்கு மேல் இருந்தாலும் சிறுநீரில் புரதம் போவது போன்ற சேத அறிகுறி நீடித்தால் அதுவும் கணக்கில் வரும். 30 முதல் 59 வரை மூன்றாம் கட்டம், 15 முதல் 29 வரை நான்காம் கட்டம், அதற்கும் கீழே ஐந்தாம் கட்டம். டயலிசிஸ் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடைசிக் கட்டங்களில்தான் வரும். மூன்றாம் கட்டம் என்று கேட்டதும் புற்றுநோயின் மூன்றாம் கட்டத்தோடு ஒப்பிட்டுப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

இலங்கையையும் சிறுநீரகத்தையும் சேர்த்துத் தேடினால் இன்னொரு குழப்பம் வரும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனிக்கப்பட்ட, காரணம் தெரியாத சிறுநீரக நோய் பற்றிய பக்கங்கள்தான் குவியும்: விவசாயிகள், கிணற்று நீர், கிருமிநாசினி. அது பெரிய பிரச்சினைதான். ஆனால் சீனி வருத்தமோ நீண்டகாலப் பிறசரோ காரணமாக இருப்பவர்களை விலக்கிவிட்டுத்தான் அந்த நோயை வரையறுத்தார்கள். இருபது வருடமாகச் சீனி வருத்தம் உள்ள மருதமுனைப் பெண்ணின் அறிக்கையை வைத்துக்கொண்டு வீட்டுக் கிணற்றைச் சந்தேகிப்பதில் காலம்தான் போகும்.

காலம் போனால் பரவாயில்லை, மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் மோசம். 'மெட்போமின் கிட்னியைக் கெடுக்கும்' என்ற காணொளிகள் தமிழில் ஏராளம். மெட்போமின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் பலவீனமானால் அந்த மருந்து உடம்பில் தேங்கக்கூடும் என்பதால், ஈ.ஜி.எஃப்.ஆர். 45 இற்குக் கீழே வரும்போது அளவைக் குறைப்பார்கள், 30 இற்குக் கீழே நிறுத்துவார்கள். அதைச் செய்ய வேண்டியவர் வைத்தியர். தானாக நிறுத்தியவருக்குச் சீனி ஏறும், அந்தச் சீனிதான் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மறுபக்கம், மூட்டுநோவுக்குப் பாமசியில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகைகள் சிறுநீரக நோயாளிக்கு உண்மையிலேயே கெடுதி செய்யக்கூடியவை. அவற்றைப் பற்றிக் காணொளி போடுகிறவர்கள் குறைவு.

இயற்கை வைத்தியம் என்ற பெயரில் வருவதும் அப்படித்தான். காமரங்காய்ச் சாறு சீனிக்கு நல்லது என்று ஒரு பரிந்துரை சுற்றுகிறது. காமரங்காயிலும் பிலிங்காயிலும் ஒக்சலேட் மிக அதிகம், அது சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யலாம். காமரங்காயில் மூளையைப் பாதிக்கும் நஞ்சும் உண்டு, ஆரோக்கியமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், பழுதான சிறுநீரகத்தால் முடியாது. இவற்றால் பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றி இலங்கை வைத்தியர்களே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

நமக்கு வரும் தமிழ்க் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் எடுக்கப்பட்டவை. அங்கே இதன் விலை தெரிந்ததுதான். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூபைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் இளம் தாய் ஒருவர் இறந்தார். அடுத்த மாதம், வீட்டுப் பிரசவப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஹீலர் பாஸ்கர் கோயம்புத்தூரில் கைதுசெய்யப்பட்டார். அவருடைய பேச்சுகள் இன்னும் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன.

யாரை நம்புவது என்ற கேள்விக்கு 'அரசாங்கத்தை' என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல எங்கள் பகுதியில் யாராலும் முடியாது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலந்ததாக முகநூலில் காணொளி பரவி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சாப்பாட்டில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்திலேயே கிடையாது. அந்த 'மாத்திரை' மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சொன்னது, ஆனால் அதற்குள் அடி விழுந்துவிட்டது. அங்கே அரசின் ஆய்வுகூடம் சரியாக இருந்தது. இரண்டு வருடம் கழித்து, 2020 ஏப்ரல் 11 ஆம் திகதி வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்றது. அதற்கு முன்பே, மார்ச் 24 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, தொற்றுநோயால் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது கட்டுக்கதை என்று எழுதியிருந்தது. அதை இணையத்தில் எடுத்து வாசித்த எங்கள் ஊர் இளைஞர்கள் சரியாகவும் சுகாதார அமைச்சு பிழையாகவும் இருந்தார்கள். 2021 பெப்ரவரியில் அடக்கம் அனுமதிக்கப்பட்டது, 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. ஆகவே முத்திரையைப் பார்ப்பதோடு நிற்காமல், சொல்லப்படும் காரணத்தையும், அதை வேறு இடங்களில் உள்ள நிபுணர்களும் சொல்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

நான் முதலில் திறப்பது அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ் தளத்தையும் பிரித்தானியாவின் என்.எச்.எஸ். தளத்தையும். எளிய ஆங்கிலம், எதையும் விற்பதில்லை. இலங்கைச் சுகாதார மேம்பாட்டுப் பணியகம் தமிழிலும் வெளியிடுகிறது. நோன்புக்கு முன் எங்கள் வீடுகளில் எல்லோரும் கேட்கும் கேள்விக்கு, சர்வதேச நீரிழிவுச் சம்மேளனமும் நீரிழிவு ரமழான் கூட்டமைப்பும் 2021 இல் புதுப்பித்த வழிகாட்டி இலவசமாகக் கிடைக்கிறது. யார் நோன்பு பிடிக்கலாம், யாருக்கு அபாயம் அதிகம் என்று புள்ளியிட்டுப் பார்க்கும் முறை அதில் உண்டு. 13 நாடுகளில் நடத்தி 2004 இல் வெளியான ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுக்காரருக்கு ரமழானில் கடுமையாகச் சீனி இறங்குவது மற்ற மாதங்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. பிறை கண்ட பிறகு தேடுவதைவிட, ஒரு மாதத்துக்கு முன் கிளினிக்கில் கேட்பது நல்லது.

அறிகுறியைப் போட்டால் நோயைச் சொல்லும் கருவிகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2015 இல் பி.எம்.ஜே. இதழ் 23 கருவிகளைச் சோதித்த ஆய்வை வெளியிட்டது. சரியான நோயை முதலாவதாகச் சொன்னது 100 இல் 34 தடவை மட்டுமே. புதிய செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இதைவிட நன்றாகப் பேசுகின்றன, ஆனால் தெளிவில்லாத கையெழுத்தையும் துணிந்து வாசித்துவிடுகின்றன. மருந்தின் பெயரைப் பாமசியில் உறுதிப்படுத்தாமல் அவற்றை நம்பாதீர்கள். நெஞ்சுநோ, ஒரு பக்கம் இழுத்தல், மூச்சுமுட்டு என்றால் எதையும் தேட வேண்டாம், 1990 இற்கு அழையுங்கள். உதவி கேட்டு முகநூலில் கார்டைப் போடும்போது அடையாள அட்டை இலக்கத்தையும் முகவரியையும் மறையுங்கள்.

போரைக் கண்ட குடும்பங்களுக்கு இன்னொரு விடயம். இணையத்தில் உள்ள எந்தப் பட்டியலும் உங்கள் வாப்பாவின் உடம்பில் 1990 இல் பட்ட ஷெல் துண்டு இருப்பதை அறியாது. எம்.ஆர்.ஐ. இயந்திரம் பலமான காந்தம். கண்ணிலோ முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ பெரிய இரத்தக்குழாய் அருகிலோ இரும்புத் துண்டு இருந்தால் அது அசையலாம், சூடாகலாம். ஸ்கேனுக்கு முன் கேட்கும் படிவத்தில் உலோகம் பற்றிய கேள்வி இருக்கும். அது வேறு மொழியில் இருந்தாலும், கேட்பவர் அவசரப்பட்டாலும் சொல்லிவிட வேண்டும், தேவையென்றால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். பழைய கொப்பிகள் இடம்பெயர்வில் போயிருக்கும், மிச்சமிருந்தவற்றை 2004 இல் கடல் கொண்டுபோயிருக்கும். அதனால் காயம் பட்ட வருடம், இடம், செய்த சத்திரசிகிச்சை, ஏற்றிய இரத்தம், ஒவ்வாத மருந்து எல்லாவற்றையும் அவரிடமே கேட்டு ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.