இப்னு அல்-நஃபீஸ்

இப்னு அல்-நஃபீஸ் (முழுப்பெயர்: அலாவுத்தீன் அபுல் ஹசன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்-கர்ஷீ அத்-திமிஷ்கீ, ஏறத்தாழ 1210 – டிசம்பர் 1288) என்பவர் 13ஆம் நூற்றாண்டில் சிரியாவிலும் எகிப்திலும் வாழ்ந்த அராபிய மருத்துவர், சட்ட அறிஞர், நூலாசிரியர் ஆவார். இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்குக் குருதி நுரையீரல் வழியாகவே செல்கிறது என்பதை, அதாவது இன்று நுரையீரல் குருதிச் சுற்றோட்டம் எனப்படுவதை, எழுத்தில் விளக்கியவர்களுள் அறியப்பட்டவரை இவரே முதலாமவர். இக்கருத்தை எழுதிய ஐரோப்பியர்களுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முன்பே இவர் இதனை எழுதிவிட்டார். எனினும் 1924ஆம் ஆண்டுவரை தற்கால மருத்துவ வரலாற்று நூல்கள் இச்செய்தியை அறிந்திருக்கவில்லை.

வாழ்க்கை

இவர் டமாஸ்கஸ் நகரிலோ அதன் அருகிலோ பிறந்தார். அந்நகரில் நூருத்தீன் ஸங்கி 12ஆம் நூற்றாண்டில் நிறுவிய நூரி மருத்துவமனையில் மருத்துவம் பயின்றார். அக்காலத்து அராபிய மருத்துவமனைகள் (பீமாரிஸ்தான்) நோயாளரைக் காக்கும் இடங்களாக மட்டுமன்றி மருத்துவம் கற்பிக்கும் நிலையங்களாகவும் இருந்தன. இவருடைய ஆசிரியரான அத்-தக்வார் (இறப்பு 1230) அந்நகரின் பெயர்பெற்ற மருத்துவர். பின்னாளில் மருத்துவத்துக்கென்றே ஒரு கல்விக்கூடத்தை ஏற்படுத்தியவர். மருத்துவர்களின் வரலாற்றைப் பெருநூலாகத் தொகுத்த இப்னு அபீ உஸைபியாவும் அதே ஆசிரியரின் மாணவர்தாம். ஆயினும் அந்நூலின் வழக்கமான படிகளில் இப்னு அல்-நஃபீஸுக்கு இடம் இல்லை. இருவருக்கும் இடையே பகைமை இருந்திருக்கலாம் என்று சிலர் எழுதியுள்ளனர். அதற்கு நேரடிச் சான்று எதுவும் இல்லை.

பின்னர் கெய்ரோவுக்குக் குடிபெயர்ந்த இவர் எஞ்சிய வாழ்நாளை அங்கேயே கழித்தார். எகிப்தின் தலைமை மருத்துவர் பதவியை வகித்தார். மம்லூக் சுல்தான் பைபர்சுக்கும் மருத்துவராக இருந்தார் எனக் கூறப்படுகிறது. அதே வேளையில் மஸ்ரூரிய்யா மதரசாவில் ஷாஃபிஈ சட்டநெறியைக் கற்பித்து வந்தார். (தமிழகக் கரையோர முஸ்லிம்களிலும் இலங்கை முஸ்லிம்களிலும் பெரும்பாலோர் பின்பற்றுவதும் இதே சட்டநெறியே.) ஒருவரே மருத்துவராகவும் சட்ட ஆசிரியராகவும் விளங்குவது அக்கால அராபியக் கல்வி மரபில் வியப்புக்குரியதன்று.

இவருடைய எழுத்துப் பழக்கம் குறித்துப் பழைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் சில செய்திகளைத் தருகின்றனர். எழுத அமரும்போது கூர்சீவிய எழுதுகோல்கள் பல அருகில் வைக்கப்படும். ஒன்று மழுங்கினால் அதைச் சீவ நேரம் செலவிடாமல் எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பார். பிற நூல்களைப் புரட்டிப் பாராமல் நினைவிலிருந்தே எழுதிச் செல்வார். ஒருமுறை பொதுக் குளியலகத்தில் குளித்துக்கொண்டிருந்தவர் பாதியில் வெளியே வந்து, தாளும் மையும் கொண்டுவரச் செய்து, நாடித்துடிப்பைப் பற்றிய ஒரு சிறுநூலை எழுதி முடித்துவிட்டே மீண்டும் குளிக்கச் சென்றார் என்றும் கூறுவர். இறுதி நோயில் மருந்தாக மது அருந்துமாறு தோழர்களான மருத்துவர்கள் வற்புறுத்தியும் இவர் மறுத்துவிட்டார் எனப்படுகிறது. இவை புகழுரை கலந்த கதைகள். ஆனால் நினைவிலிருந்து எழுதினார் என்பது இவருடைய நூல்களின் போக்கோடு பொருந்திவருகிறது.

தம் வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கு எழுதி வைத்தார். சுல்தான் கலாவூன் கட்டிய அம்மருத்துவமனை அப்போது தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தது.

கேலனும் இப்னு சீனாவும்

இப்னு அல்-நஃபீஸின் கருத்தை விளங்கிக்கொள்ள, அவருக்கு முன்பு நிலவிய கொள்கையை அறிவது தேவையாகும். 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன், உண்ட உணவு கல்லீரலில் குருதியாக மாறுகிறது என்றும் அங்கிருந்து சிரைகள் வழியே உடலெங்கும் சென்று உறுப்புகளால் உட்கொள்ளப்பட்டுத் தீர்ந்துவிடுகிறது என்றும் கருதினார். அக்குருதியில் ஒரு பகுதி இதயத்தின் வலது அறைக்கு வருகிறது. வலது, இடது அறைகளுக்கு நடுவே உள்ள தடித்த இடைச்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே கசிந்து இடது அறையை அடையும் குருதி, நுரையீரலிலிருந்து வரும் காற்றுடன் கலந்து உயிர்மூச்சாக மாறுகிறது என்பது அவர் விளக்கம்.

கேலன் குரங்கு முதலிய விலங்குகளை அறுத்து ஆராய்ந்தவர். இதயத்தின் தடுக்கிதழ்களை அவர் நன்கு அறிந்திருந்தார். நுரையீரலுக்குக் குருதி செல்வதும் அவருக்குத் தெரியும். இருந்தும், வலது அறைக்குள் வரும் குருதி இடது அறையை எட்டுவதற்கு வேறு வழி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதால் அத்துளைகளை ஊகித்துக்கொண்டார். பின்னர் இப்னு சீனா (980–1037) தமது ‘அல்-கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலில் இக்கொள்கையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டார். அத்துடன் அரிஸ்டாட்டிலைத் தழுவி இதயத்துக்கு மூன்று அறைகள் என்றும் எழுதினார். கானூன் அராபிய உலகிலும், இலத்தீன் மொழிபெயர்ப்பின் வழியாக ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது.

நுரையீரல் குருதிச் சுற்றோட்டம்

இப்னு அல்-நஃபீஸின் மறுப்பு, ‘ஷரஹ் தஷ்ரீஹ் அல்-கானூன்’ (கானூனின் உடற்கூற்றுப் பகுதிக்கான உரை) என்னும் நூலில் உள்ளது. இந்நூலின் ஒரு கையெழுத்துப்படி ஹிஜ்ரி 640 (கி.பி. 1242) எனக் குறிக்கப்பட்டிருப்பதால், நூல் அதற்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும். அப்போது ஆசிரியருக்கு வயது முப்பதையொட்டி இருந்திருக்கும்.

உரைநூல் என்ற பெயரைக் கண்டு இதனை மூலநூலாசிரியரின் கூற்றுகளுக்கு வெறும் விளக்கம் என்று எண்ணிவிடலாகாது. கானூனில் பல இடங்களில் சிதறிக் கிடந்த உடற்கூற்றுச் செய்திகளை ஓரிடத்தில் திரட்டி, ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து, ஏற்கத்தகாதவற்றை வெளிப்படையாக மறுத்துச் செல்வதே இந்நூலின் முறை. இதயத்தைப் பற்றிய இடத்தில் அவர் வாதம் பின்வருமாறு அமைகிறது.

இதயத்துக்கு உள்ளவை மூன்று அறைகள் அல்ல, இரண்டே. இவ்விரண்டுக்கும் இடையில் வழி ஏதும் இல்லை. அவ்விடத்து இதயப்பொருள் தடித்து இறுகியது. சிலர் நினைத்தவாறு புலப்படும் துளையும் அதில் இல்லை, கேலன் நினைத்தவாறு புலப்படாத துளையும் இல்லை. எனவே வலது அறையில் நுண்மையாக்கப்பட்ட குருதி, ‘தமனி போன்ற சிரை’ (இன்றைய நுரையீரல் தமனி) வழியாக நுரையீரலை அடைந்து, அதன் உட்பொருளில் பரவிக் காற்றுடன் கலக்க வேண்டும். கலந்தபின் ‘சிரை போன்ற தமனி’ (இன்றைய நுரையீரல் சிரை) வழியாக இடது அறைக்கு வர வேண்டும். முதற்குழாயின் சுவர் தடித்து இரண்டு படலங்களாக இருப்பதும் இரண்டாவதன் சுவர் மெல்லியதாக இருப்பதும் இதற்குப் பொருந்துகின்றன என்றும் அவர் காட்டுகிறார். தடித்த சுவரின் ஊடாக மிக நுண்ணிய குருதி மட்டுமே வடிந்து வெளிவரும். மெல்லிய சுவர் அதை எளிதில் உள்ளே ஏற்றுக்கொள்ளும். இவ்விரு குழாய்களுக்கும் இடையே நுண்ணிய வழிகள் உள்ளன என்று அவர் கூறுவது, பின்னாளில் தந்துகிகள் எனப்பட்டவற்றை நினைவூட்டுகிறது. ஆனால் தந்துகிகளை அவர் கண்டார் என்று கூறுவது மிகை. அவற்றை 1661இல் நுண்நோக்கியின் உதவியால் தவளையின் நுரையீரலில் கண்டவர் இத்தாலியரான மார்செல்லோ மால்பீகி.

இதயம் எவ்வாறு ஊட்டம் பெறுகிறது என்பதிலும் அவர் இப்னு சீனாவுடன் மாறுபட்டார். வலது அறையில் தங்கும் குருதியே இதயத்துக்கு உணவு என்ற கருத்தைத் தள்ளி, இதயத்தின் தசைக்குள் ஓடும் குழாய்களே அதற்கு ஊட்டம் தருகின்றன என்றார். இவை இன்று இதயத் தமனிகள் எனப்படுகின்றன.

உடலை அறுத்துப் பார்த்தாரா?

இவ்வினா நெடுங்காலமாக விவாதிக்கப்படுகிறது. நூலின் முன்னுரையில், உடலை அறுத்து ஆராய்வதைச் சமயச்சட்டமும் தம் இயல்பான இரக்கமும் தடுத்தன எனவும், ஆகவே முன்னோர் எழுதியவற்றையே, குறிப்பாகக் கேலனையே, சார்ந்திருப்பதாகவும் அவரே கூறுகிறார். ஆனால் நூலுக்குள் கேலனை மறுக்கும் இடங்களில் உடற்கூறு இதனைப் பொய்ப்பிக்கிறது என்ற பாங்கிலும் எழுதுகிறார். ஆகவே முன்னுரை ஒரு தற்காப்பு மட்டுமே, உண்மையில் அவர் அறுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். கேலன் தந்த விவரங்களையே கொண்டு, அவற்றுக்கிடையே உள்ள முரண்பாட்டைத் தருக்கத்தால் வெளிக்கொணர்ந்தார் என்பர் மறு சாரார். விலங்குகளின் இதயத்தைப் பார்ப்பதற்கு எந்தத் தடையும் இருந்ததில்லை என்பதையும் இங்குக் கருத வேண்டும்.

வரலாற்றாசிரியர் நஹ்யான் ஃபேன்சி 2013இல் வெளியிட்ட நூலில் வேறொரு காரணத்தை முன்வைத்தார். ஆன்மா முதலில் இதயத்துடன் இணைகிறது என்பது இப்னு சீனாவின் கருத்து. ஆன்மா ஏதேனும் ஒரு தனி உறுப்புக்கு உரியதன்று, உடல் முழுமைக்கும் உரியது என்பது இப்னு அல்-நஃபீஸின் கருத்து. இந்த மெய்யியல் வேறுபாடே, உயிர்மூச்சு எங்கே எவ்வாறு உண்டாகிறது என்பதை அவர் மீண்டும் சிந்திக்கத் தூண்டியது என்பது ஃபேன்சியின் வாதம். இது ஏற்கத்தக்கதாயின், இறையியலும் மருத்துவமும் அவரிடம் ஒன்றுக்கொன்று தடையாக இல்லாமல் துணையாக இருந்தன என்றாகும்.

கருத்தின் எல்லைகள்

இப்னு அல்-நஃபீஸ் குருதிச் சுற்றோட்டத்தை முழுமையாகக் கண்டுபிடித்தவர் என்று இணையத்திலும் சில வெகுசன நூல்களிலும் எழுதப்படுவது சரியன்று. கல்லீரலில் குருதி உண்டாகி உறுப்புகளில் தீர்ந்துபோகிறது என்ற பழைய கொள்கையை அவர் கைவிடவில்லை. உடல் உறுப்புகளுக்குச் சென்ற குருதி மீண்டும் இதயத்துக்குத் திரும்பிவருகிறது என்றும் அவர் கூறவில்லை. அதனை நிறுவியவர் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி (1628). அரை மணி நேரத்தில் இதயம் வெளியேற்றும் குருதி உடலில் உள்ள மொத்தக் குருதியையும் விஞ்சிவிடும், ஆகவே அது சுழன்று வந்தாக வேண்டும் என்ற ஹார்வியின் அளவு சார்ந்த வாதம் இப்னு அல்-நஃபீஸிடம் இல்லை.

சுவடி மீண்டும் கிடைத்தல்

முஹ்யித்தீன் அத்-தத்தாவி என்னும் எகிப்திய மருத்துவர், செருமனியின் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக ஆய்ந்துகொண்டிருந்தபோது, பெர்லின் நூலகத்தில் இருந்த மேற்கண்ட உரைநூலின் கையெழுத்துப்படியைப் படித்தார். நுரையீரல் பற்றிய பகுதியின் முதன்மையை உணர்ந்து, 1924இல் அதையே தம் ஆய்வேட்டின் பொருளாக்கினார். அவருடைய ஆசிரியர்களுக்கு அராபிய மொழி தெரியாது; கூறப்பட்ட செய்தியோ எளிதில் நம்பக்கூடியதன்று. எனவே கெய்ரோவில் கண் மருத்துவராகப் பணியாற்றிய செருமானிய அறிஞர் மாக்ஸ் மேயர்ஹோஃபின் கருத்துக் கேட்கப்பட்டது. அவர் சுவடியை ஆராய்ந்து தத்தாவியின் கூற்று சரியே என உறுதிசெய்தார். 1930களில் தாமும் இது குறித்துக் கட்டுரைகள் வெளியிட்டார். அறிவியல் வரலாற்றாசிரியர் ஜார்ஜ் சார்ட்டனும் இச்செய்தியை எடுத்துரைத்தார். தத்தாவியின் ஆய்வேடோ தட்டச்சுப் படிகளாகவே நின்றுவிட்டது. அதனால் இக்கண்டுபிடிப்பு நெடுநாள் மேயர்ஹோஃபின் பெயராலேயே பேசப்பட்டது.

ஐரோப்பியர் அறிந்திருந்தனரா?

நுரையீரல் வழிச் செலவைப் பற்றி ஐரோப்பாவில் முதலில் அச்சில் எழுதியவர் மைக்கேல் செர்வெட்டஸ் (1553). சமய நிந்தனைக் குற்றத்துக்காக அவர் அதே ஆண்டு ஜெனீவாவில் எரிக்கப்பட்டார். அந்நூலும் அழிக்கப்பட்டு மூன்று படிகள் மட்டுமே எஞ்சின. அவரை அடுத்து ரியால்டோ கொலம்போவின் நூல் 1559இல் வெளிவந்தது. வெசாலியசும் 1543இல் வெளியிட்ட தம் நூலில் இடைச்சுவர்த் துளைகளைக் குறித்து வியப்புத் தெரிவித்து, 1555ஆம் ஆண்டுப் பதிப்பில் தம் ஐயத்தை மேலும் வெளிப்படையாக்கினார்.

இவர்களுள் எவரேனும் இப்னு அல்-நஃபீஸின் கருத்தைக் கேள்வியுற்றிருக்கக் கூடுமா என்பது தீராத வினா. ஆந்திரேயா அல்பாகோ என்னும் இத்தாலிய மருத்துவர் டமாஸ்கசில் இருந்த வெனிசுத் தூதரகத்தில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றி, அராபிய மருத்துவ நூல்களை இலத்தீனில் பெயர்த்தார். அவற்றுள் இப்னு அல்-நஃபீஸின் கானூன் உரையில் ஒரு பகுதியும் உண்டு. அது 1547இல் வெனிசில் அச்சாயிற்று. ஆனால் அது கூட்டு மருந்துகளைப் பற்றிய பகுதி. செர்வெட்டசோ கொலம்போவோ இவரை எங்கும் பெயர் சுட்டவில்லை. செய்தி வாய்வழியாகப் பரவியிருக்கலாம் என்பது இயலக்கூடிய ஊகமே அன்றி மெய்ப்பிக்கப்பட்டதன்று.

இவரை இவருடைய சொந்த நாகரிகமே மறந்துவிட்டது என்ற கூற்றும் திருத்தப்பட வேண்டியதே. 14ஆம் நூற்றாண்டில் கானூனுக்கு உரை எழுதியவர்கள் சிலர் இக்கருத்தை எடுத்துக்காட்டியுள்ளனர்.

பிற நூல்கள்

‘அஷ்-ஷாமில்’ எனப்படும் மருத்துவக் களஞ்சியம் இவருடைய நூல்களில் மிகப் பெரியது. 300 தொகுதிகளாக எழுதத் திட்டமிட்டு 80 தொகுதிகளை முடித்தார் என்பர். அவற்றில் எஞ்சிய சில கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, ஸ்டான்ஃபோர்டு முதலிய இடங்களின் நூலகங்களில் உள்ளன. அறுவை மருத்துவம் பற்றிய பகுதியில், நோயாளி தம்மை மருத்துவரிடம் காட்டும் காலம், அறுவை நிகழும் காலம், அதன்பின் பேணும் காலம் என மூன்று கட்டங்களை வகுத்து, ஒவ்வொன்றிலும் மருத்துவர், நோயாளி, பணியாளர் ஆகியோரின் கடமைகளைக் கூறுகிறார்.

‘அர்-ரிசாலத்துல் காமிலிய்யா’ என்பது கதை வடிவில் அமைந்த இறையியல் நூல். ஆளில்லாத் தீவொன்றில் பெற்றோரின்றித் தானே தோன்றும் காமில் என்பவன் கதைத்தலைவன். 12ஆம் நூற்றாண்டு அந்தலூசிய அறிஞர் இப்னு துஃபைலின் கதையில் வரும் ஹய்யு தன்னந்தனியே சிந்தித்து மெய்யுணர்வு அடைகிறான். காமிலோ, கரையொதுங்கிய கப்பல் மனிதரோடு பழகிய பின்னரே மனிதருக்குச் சமுதாயமும் சட்டமும் வேண்டும் என்பதையும், அச்சட்டத்தைக் கொணர ஒரு தூதர் வேண்டும் என்பதையும் உணர்கிறான். தனி மனித அறிவுக்கு எல்லை உண்டு என்பதே இரு நூல்களுக்கும் இடையிலான வழக்கு. மேயர்ஹோஃபும் ஜோசஃப் ஷாக்டும் ஆயத்தப்படுத்திய இதன் பதிப்பு 1968இல் வெளிவந்தது. இவை தவிர நபிமொழி இயல், தருக்கம், கண் மருத்துவம் ஆகியவற்றிலும், ஹிப்போக்ரட்டீசின் நூல்களுக்கு உரையாகவும் இவர் எழுதியுள்ளார்.

இவர் பெயரால் வழங்கும் ‘மூஜஸ் அல்-கானூன்’ என்ற சுருக்கநூல்தான் மிகுதியாகப் படிக்கப்பட்டது. அதற்கு 15ஆம் நூற்றாண்டில் நஃபீஸ் இப்னு இவள் அல்-கிர்மானி எழுதிய உரை ‘நஃபீசி’ என்ற பெயருடன் இந்திய யுனானி மருத்துவக் கல்வியிலும் பாடநூலாக இருந்தது. பெயர் ஒற்றுமையால் உரையாசிரியரையும் மூலநூலாசிரியரையும் ஒருவராகக் கருதும் குழப்பம் சில நூற்பட்டியல்களில் காணப்படுகிறது. மூஜஸ் உடற்கூற்றியலை விரித்துப் பேசாத கையேடாதலால், அதன் வழி மருத்துவம் கற்றவர்களுக்கு நுரையீரல் பற்றிய வாதம் எட்டவில்லை.