பண்ணைப் பாலத்திலிருந்து தெரியும் யாழ். நகரம்

தீவுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாண நகருக்கு வருவோருக்குப் பண்ணைப் பாலமே வாசல். சிறுபராயத்தில் பேருந்தின் யன்னலோரம் அமர்ந்து, கடல்நீரேரிக்கு அப்பால் நகரம் மெல்ல எழுவதைப் பார்த்துக்கொண்டே வருவேன். முதலில் கோட்டை மதில், பின்னர் மணிக்கூட்டுக் கோபுரம், பொது நூலகத்தின் வெண்ணிறக் குவிமாடம். ஏனைய யாவும் மரங்களுக்குக் கீழே அடங்கிக் கிடந்தன. பனையை மிஞ்சிய கட்டடங்களை அன்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இவற்றுள் மூத்தது கோட்டை. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இங்கு ஒரு கோட்டையை அமைத்தனர். 1658 இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தர் அதனை ஐங்கோண வடிவில் புதிதாக எழுப்பினர். வெளியரண்கள் 1792 இல்தான் நிறைவெய்தின. மூன்றே ஆண்டுகளில், 1795 இல், போரின்றியே கோட்டை பிரித்தானியரிடம் கைமாறியது! அது உண்மையான முற்றுகையைக் கண்டது 1990 இல். கோட்டைக்குள் 1706 இல் சிலுவை வடிவில் கட்டப்பட்ட ஒல்லாந்தத் தேவாலயம் அந்த யுத்தத்தில் அழிந்துபோயிற்று.

மணிக்கூட்டுக் கோபுரத்தின் கதை சற்று வேடிக்கையானது. 1875 இல் இலங்கைக்கு வந்த வேல்ஸ் இளவரசரின் நினைவாக எழுந்த இக்கோபுரம், அவர் வந்துபோய் ஏழு ஆண்டுகள் கழிந்து 1882 இலேயே கட்டி முடிக்கப்பட்டது.

நூலகம் இவற்றைப் போன்றதல்ல. அது ஆட்சியாளர் நமக்கு விட்டுச்சென்ற சொத்தன்று. 1933 இல் க. மு. செல்லப்பா என்ற தனிமனிதர் தம் வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்பு முயற்சியே அதன் வித்து. சென்னைக் கட்டடக்கலைஞர் நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைந்தார். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். 1959 இல் மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா திறந்துவைத்தார். 1981 மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் எரிந்தன.

அப்போது நான் பள்ளி மாணவன். பின்னர் ஒருநாள் ஐயாவுடன் பாலத்தைக் கடந்தபோது பேருந்தில் எவரும் பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் நினைவில் இருக்கிறது.

1984 இல் மீண்டும் திறக்கப்பட்ட நூலகம் அடுத்த ஆண்டே சேதமுற்றது. யுத்தகாலம் முழுவதும் கரிபடிந்த சுவர்களுடன் நின்றது. 1998 இல் தொடங்கிய புனரமைப்பின்போது, அதனை நினைவுச்சின்னமாக அப்படியே விடவேண்டும் என்ற குரலும் ஒலித்தது. 2003 இல் திறப்புவிழா பெரும் சர்ச்சையாகி, மாநகர சபை உறுப்பினர்கள் பதவி விலகும் அளவுக்குச் சென்றது. அந்நாட்களில் நானும் சிதைவைக் காக்கவேண்டும் என்றே வாதிட்டவன். இன்று அதே மண்டபத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பதைக் காணும்போது அந்த வாதத்தில் எனக்கே பிடிப்பில்லை. ஆயினும் ஒரேயொரு சுவரையாவது வெள்ளை பூசாமல் விட்டிருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் என்னை விட்டு அகலவில்லை. வெளிநாடுகளிலிருந்து வரும் நம்மவரின் பிள்ளைகள் "எரிந்தது எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார்கள். சுட்டிக்காட்ட எதுவுமில்லை.

யுத்தம் ஓய்ந்தபின் நகரின் உயரங்கள் விரைவாக மாறின. நல்லூர்க் கந்தசுவாமி கோவிலில் 2011 இலும் 2015 இலும் ஒன்பது நிலை இராஜகோபுரங்கள் இரண்டு எழுந்தன. 1621 இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, 1734 இல் இன்றைய இடத்தில் மறுபடி தோன்றிய கோவில் அது. விடுதிகளும் வணிகத் தொகுதிகளும் தொடர்ந்தன.

நூலகத்தின் அயலில், புல்லுக்குளத்தின் கரையில், இந்திய நிதியில் அமைந்த பண்பாட்டு மையத்தின் பதினொரு மாடிக் கோபுரம் 2023 இல் கையளிக்கப்பட்டது. 2025 சனவரியில் அதன் பெயரைத் 'திருவள்ளுவர் பண்பாட்டு மையம்' என மாற்றியபோது, வள்ளுவர்மீது எவருக்கும் குறையில்லை. பெயரிலிருந்து யாழ்ப்பாணம் போய்விட்டதே என்பதுதான் நம்மவர் ஆதங்கம். பின்னர் ஊரின் பெயரும் சேர்க்கப்பட்டது. பெயருக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கைத்தானும், நூலகத்தை ஒட்டி எவ்வளவு உயரம் தகும் என்ற கேள்விக்கு நாம் காட்டவில்லை.

அண்மையில் வேலணையிலிருந்து திரும்புகையில், பக்கத்து இருக்கை இளைஞன் கைபேசியில் "யாழ்ப்பாணம் வந்திட்டன் அம்மா" என்றான். அவன் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பதினொரு மாடியை. நான் அதன் பக்கத்தில் குவிமாடத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பேருந்து கோட்டை முனையில் திரும்பிய பின்னரே அது கண்ணில் பட்டது.