வாங்கிய உலகமும் வெல்லாத எதிரியும்

ஒரு முறை விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுக்கு மறுபடியும் விலை கொடுக்கலாமா? அப்படிக் கொடுத்தவரால் அதன் கடைசி எதிரியை வெல்ல முடியவில்லை என்றால் குறை யாருடையது? விளையாட்டைச் செய்தவருடையதா, விளையாடியவருடையதா? பெரியவர்கள் சிலருக்கு இவை சிறுபிள்ளைத்தனமான கேள்விகளாகத் தோன்றலாம். ஆனால் இளையர்கள் மட்டுமின்றி, நாற்பது வயதைத் தாண்டியவர்களும் இந்தக் கேள்விகளை முன்வைத்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாதாடி வருகிறார்கள். அந்த வாதத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அது விளையாட்டைப் பற்றியது மட்டுமல்ல, நியாயத்தைப் பற்றியதும்கூட என்பது விளங்கும்.

'திறந்த உலகம்' எனப்படும் கற்பனை விளையாட்டில் ஆட்டக்காரர் ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடமேற்கிறார். காடு, மலை, கோட்டை, நகரம் என்று பரந்து கிடக்கும் உலகில் தம் விருப்பப்படி சுற்றி வருகிறார். இன்ன வழியில்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆங்காங்கே வலிமை மிக்க எதிரி ஒருவன் வழிமறிப்பான். அவனை ஆட்டக்காரர்கள் 'பாஸ்' என்று அழைக்கிறார்கள். விளையாட்டு வெளிவந்த பிறகு, அதே உலகில் புதிய நிலமும் புதிய கதையும் சேர்த்துத் தனி விலைக்கு விற்கப்படுவது 'விரிவாக்கம்'. ரசிகர்களின் சண்டை பெரும்பாலும் இந்த இரண்டைச் சுற்றித்தான்.

பெட்டியில் வந்த காலம்

'பாஸ்' என்ற எதிரிக்கு வயது அரை நூற்றாண்டு. அமெரிக்காவின் பிளேட்டோ என்னும் பல்கலைக்கழகக் கணினிக் கட்டமைப்பில் 1975ஆம் ஆண்டு மாணவர்கள் உருவாக்கிய ஒரு விளையாட்டில், மந்திரக் கோளம் ஒன்றைக் காத்து நின்ற தங்க டிராகனே அந்த வரிசையில் முதல்வன் என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். விரிவாக்கமும் புதிதல்ல. 1992இல் வெளிவந்த 'அல்டிமா 7' விளையாட்டுக்கு அதே ஆண்டில் ஒரு கூடுதல் பகுதி வந்தது. அது ஒரு புதிய தீவைக் கதைக்குள் கொண்டு வந்தது.

2002ஆம் ஆண்டு பெத்தெஸ்டா நிறுவனம் 'மோரோவிண்ட்' என்ற பெரிய விளையாட்டை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் 'டிரிபியூனல்' என்ற விரிவாக்கமும், 2003 ஜூனில் 'பிளட்மூன்' என்ற விரிவாக்கமும் வந்தன. முன்னது ஒரு புதிய நகரத்தையும் பின்னது பனி மூடிய ஒரு தீவையும் கொடுத்தன. கடைக்குப் போய்ப் பெட்டியை வாங்கி, குறுந்தட்டைக் கணினியில் இட்டு விளையாடிய காலம் அது. பெட்டி கனமாக இருந்ததால் விலையைப் பற்றிப் பெரிதாக யாரும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. டிரிபியூனலைக் கணினியில் ஏற்றியவர் புதிய ஆட்டத்தைத் தொடங்கி, அவருடைய வீரன் சற்றே கண்ணயர்ந்தால் போதும், கொலையாளி ஒருவன் வந்து தாக்குவான். பயிற்சி பெற்ற வீரனுக்கு அது கதையின் தொடக்கம். நேற்றுதான் ஆட்டத்தைத் தொடங்கியவருக்கோ மரண அடி. கூடுதல் பகுதி என்பது பழைய வீட்டோடு ஓர் அறையைச் சேர்ப்பதா, பழைய வீட்டையே மாற்றுவதா என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

குதிரைக் கவசம் தந்த பாடம்

2006 மார்ச்சில் அதே நிறுவனத்தின் 'ஒப்ளிவியன்' வந்தது. அதற்குள் பெட்டியின் காலம் முடியத் தொடங்கி, இணையத்தின் வழி நேரடியாக விற்கும் காலம் பிறந்திருந்தது. அந்த ஏப்ரலில் நிறுவனம் ஒரு சிறு பொருளை விற்பனைக்கு விட்டது. அது குதிரைக்கு அணிவிக்கும் கவசம். எக்ஸ்பாக்ஸ் 360 இயந்திரத்தில் அதன் விலை 2.50 அமெரிக்க வெள்ளி. புதிய நிலமும் இல்லை, புதிய கதையும் இல்லை. குதிரை பளபளவென்று தெரியும், சற்றுக் கூடுதலாக அடி தாங்கும். அவ்வளவுதான்.

ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். தொகை சிறியது என்பதை அவர்களும் அறிவார்கள். கோபம் தொகையின் மீதல்ல, அது திறந்துவிட்ட வழியின் மீது. இன்று குதிரைக்குக் கவசம், நாளை வீரனின் வாளுக்குத் தனி விலையா என்று கேட்டார்கள். வியப்பு என்னவென்றால், திட்டிய கையோடு வாங்கியவர்களும் ஏராளம். நிறுவனமே பின்னர் இந்தப் பழியைக் கேலியாக ஏற்றுக்கொண்டது. 2009 ஏப்ரல் முதல் நாளன்று மற்றக் கூடுதல் பகுதிகளின் விலையைக் குறைத்துவிட்டு, குதிரைக் கவசத்தின் விலையை மட்டும் இரு மடங்காக்கியது. 2025இல் ஒப்ளிவியன் புதுப்பொலிவுடன் மறுபடியும் வெளிவந்தபோது, கூடுதல் விலைப் பதிப்பில் குதிரைக் கவசம் மீண்டும் தலைகாட்டியது. ரசிகர்கள் சிரித்தார்கள். 2006இல் கோபமாக இருந்தது 19 ஆண்டுகளில் வழக்கமாகிப் போனது. எதிர்த்த தரப்பு சொன்னது பலித்துவிட்டது என்பதே அந்தச் சிரிப்பின் பொருள்.

இதே நிறுவனம் 2007 மார்ச்சில் 'ஷிவரிங் ஐல்ஸ்' என்ற பெரிய விரிவாக்கத்தை வெளியிட்டு நல்ல பெயர் வாங்கியது என்பதையும் மறைக்கக் கூடாது. பித்துப் பிடித்த தேவன் ஆளும் ஒரு தனி நிலத்தையே அது காட்டியது. ரசிகர்கள் பணத்தை வெறுப்பவர்கள் அல்லர். கொடுத்த பணத்துக்கு ஓர் உலகம் கிடைக்கிறதா என்று பார்ப்பவர்கள்.

ஒப்ளிவியன் இன்னொரு வாதத்தையும் கிளப்பியது. அதில் வீரனின் திறன் ஏற ஏற எதிரிகளின் திறனும் ஏறும். பல மணி நேரம் உழைத்து வலிமை பெற்றவரை, சாலையோரக் கொள்ளையன்கூட விலையுயர்ந்த கவசம் பூண்டு எதிர்ப்பான். அப்படியானால் உழைப்புக்கு என்ன மதிப்பு? கடைசிப் போரிலோ பேரரக்கனை வீழ்த்துவது ஆட்டக்காரர் அல்ல. கதையில் வரும் அரச வாரிசு தன்னையே பலியிட்டு டிராகனாக மாறி அவனை வீழ்த்துகிறான். கதைக்கு அது அழகு என்றது ஒரு தரப்பு. இத்தனை நாள் நடந்து வந்தவனை வேடிக்கை பார்க்க வைத்துவிட்டீர்களே என்றது மறு தரப்பு.

போலந்திலிருந்து வந்த பதில்

விலையைப் பற்றிய வாதத்துக்கு நல்லதொரு பதில் போலந்து நாட்டிலிருந்து வந்தது. சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே மாதம் 'விட்சர் 3' விளையாட்டை வெளியிட்டது. அது கடைக்கு வருவதற்கு முன்பே இரண்டு விரிவாக்கங்களை அறிவித்ததால், முழு உணவையும் பரிமாறாமல் பாதியை ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று ரசிகர்கள் ஐயுற்றார்கள். ஐயம் இருப்பவர்கள் இப்போதே வாங்க வேண்டாம், பொறுத்திருந்து முடிவு செய்யலாம் என்று நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது. சிறுசிறு கூடுதல் பொருள்கள் பதினாறை இலவசமாகவே கொடுத்தது.

2015 அக்டோபரில் வந்த 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்' 9.99 அமெரிக்க வெள்ளிக்கும், 2016 மே மாதம் வந்த 'பிளட் அண்ட் வைன்' 19.99 வெள்ளிக்கும் விற்றன. பின்னது திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஒரு புதிய நாட்டையே கொடுத்தது. அந்த ஆண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த வேடமேற்கும் விளையாட்டுக்கான விருது இந்த விரிவாக்கத்துக்கே கிடைத்தது. முழு விளையாட்டுகளோடு போட்டியிட்டு ஒரு கூடுதல் பகுதி வென்றது.

எதிரியைப் பற்றிய வாதத்துக்கும் அது ஒரு பதில் வைத்திருந்தது. எவ்வளவு கடினம் வேண்டும் என்பதை ஆட்டக்காரரே நான்கு நிலைகளில் தேர்ந்துகொள்ளலாம். முதல் விரிவாக்கத்தின் கடைசி எதிரியைக் கத்தியால் வெல்லவே முடியாது. அவன் ஒரு விடுகதை போடுவான். விடையைக் கண்டுபிடிப்பவரே தப்புவார். கை வேகம் இல்லாதவரும் அறிவால் வெல்லலாம் என்ற அந்த ஏற்பாட்டை இன்றும் மெச்சுகிறார்கள். பாஸ் என்றால் வாள்வீச்சு வேண்டாமா என்று குறைப்பட்டவர்களும் உண்டு.

எர்ட்ரீயின் நிழல்

விலையும் எதிரியும் ஒரே இடத்தில் மோதிய ஆண்டு 2024. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்ட 'எல்டன் ரிங்', அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று விருது பெற்றது. ஹிடேடாக்கா மியாசாக்கி இயக்கிய அந்த விளையாட்டின் பழங்கதைப் பின்னணியை அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் மார்ட்டின் எழுதிக் கொடுத்தார். கடினத்தைக் கூட்டவோ குறைக்கவோ அதில் வழியே இல்லை. எல்லாருக்கும் ஒரே எதிரி, ஒரே வலிமை. ஆனால் துணைக்கு ஆவிகளை அழைக்கலாம், நண்பரைக் கூப்பிடலாம், வேறு ஊருக்குப் போய்ப் பலம் பெற்றுத் திரும்பலாம்.

2024 ஜூன் 21ஆம் நாள் அதன் விரிவாக்கமான 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ரீ' வந்தது. விலை 39.99 அமெரிக்க வெள்ளி. இது மூல விளையாட்டின் விலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மூன்று நாளில் 50 இலட்சம் விற்றதாக நிறுவனம் அறிவித்தது. ஆனால் வாங்கினால் மட்டும் உள்ளே போய்விட முடியாது. மூல விளையாட்டில் ராடான், மோக் என்ற இரண்டு பெரும் எதிரிகளை வென்றிருக்க வேண்டும். மோக்கை வென்றவர்களோ ஆட்டக்காரர்களில் பாதிக்கும் குறைவு.

உள்ளே போனவர்களுக்கும் பழைய பலம் உதவவில்லை. புதிய நிலத்தில் சிதறிக் கிடக்கும் 50 துண்டுகளைத் தேடி எடுத்தால்தான் 20 படிகளில் பலம் ஏறும். தேடாமல் நேரே எதிரியிடம் போனவர்கள் ஓரிரு அடியில் வீழ்ந்தார்கள். ஸ்டீம் விற்பனைத் தளத்தில் வாங்கியவர்களின் மதிப்பீடு சில நாள்களிலேயே 'கலவையானது' என்ற நிலைக்கு இறங்கியது. கணினியில் ஆட்டம் தடங்கியது ஒரு காரணம், கடினம் மற்றொரு காரணம். துண்டுகளைத் தேடுங்கள் என்று நிறுவனம் நினைவூட்டியது. ஐந்தே நாளில், ஜூன் 26ஆம் தேதி, முதல் படிகள் தரும் பலத்தைக் கூட்டித் திருத்தம் வெளியிட்டது.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். துன்பப்பட்டுப் பெறும் வெற்றிக்குத்தான் சுவை, அதைக் குறைத்தால் எல்லாருடைய வெற்றியும் மலிந்துவிடும் என்றது ஒரு தரப்பு. எளிமையாக்கினால் விளையாட்டின் உயிரே போய்விடும் என்று மியாசாக்கியும் பேட்டிகளில் உணர்த்தி வந்திருக்கிறார். மறு தரப்பு வேறு விதமாகக் கேட்டது. வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம் மட்டும் விளையாடுபவர் என்ன செய்வார்? விரல்கள் வேகமாக இயங்காத மாற்றுத் திறனாளி என்ன செய்வார்? இதே நிறுவனத்தின் 'செகிரோ' 2019இல் வெளிவந்தபோதும் இந்தக் கேள்வி எழுந்தது. அவர்கள் வெற்றியை இனாமாகக் கேட்கவில்லை, போட்டியில் கலந்துகொள்ள ஓர் இடம் கேட்டார்கள். துணைக்கு ஆவியை அழைத்து வென்றவரை உண்மையான வெற்றியாளர் அல்லர் என்று ஏளனம் செய்தவர்களும் இருந்தார்கள். விளையாட்டைச் செய்தவரே கையில் கொடுத்த துணையைப் பயன்படுத்துவது எப்படிக் குறுக்கு வழியாகும்? இதற்கு அவர்களிடம் நேரான பதில் இல்லை.

மறைந்து போன எதிரி

விரிவாக்கத்தின் கடைசி எதிரி மீண்டும் ராடான். முன்பே வென்றவனை மறுபடியும் நிறுத்தியது கதைக்குப் பொருத்தமா என்பது ஒரு சண்டை. கண்ணைப் பறிக்கும் ஒளியோடு அவன் தாக்கும்போது எதுவும் தெரியவில்லை என்பது இன்னொரு சண்டை. 2024 செப்டம்பரில் வந்த திருத்தம் அவனுடைய சில தாக்குதல்களின் பலத்தையும் வீச்சையும் குறைத்து, ஒளியையும் தெளிவாக்கியது. மூல விளையாட்டின் ராடானுக்கும் 2022இல் இதுவே நேர்ந்தது. மார்ச் மாதத் திருத்தத்தில் பலம் குறைந்தது. அதில் சில தவறுகள் நேர்ந்துவிட்டன என்று ஏப்ரலில் ஓரளவு சரிசெய்யப்பட்டது.

குறை நீங்கியதில் பலருக்கு மகிழ்ச்சி. ஆனால் ஜூன், ஜூலை மாதங்களில் இரவு பகலாகப் போராடி அவனை வென்றவர்களுக்கு ஒரு விசித்திரமான இழப்பு. அவர்கள் வென்ற எதிரி இன்று இல்லை. 2002இல் வாங்கிய குறுந்தட்டை இன்று இட்டாலும் அதே கொலையாளி அதே இரவில் வருவான். இணையத்தின் வழி வாங்கியது அப்படியல்ல. வாங்கிய பிறகும் அது செய்தவரின் கையிலேயே இருக்கிறது. மாறும், திருந்தும், சில வேளை தேயும். அந்தக் கோடைகாலத்து ராடான் எப்படிப் போரிட்டான் என்பதற்கு ரசிகர்கள் எடுத்து வைத்த காணொளிகளும் அவர்களின் வாதங்களுமே சான்று.

அந்த நவம்பரில் இந்த விரிவாக்கம் ஆண்டின் சிறந்த விளையாட்டு விருதுக்கே முன்மொழியப்பட்டது. கூடுதல் பகுதிக்கு முழு விளையாட்டோடு சம ஆசனமா என்று மறுபடியும் வாதம். டிசம்பரில் விருது 'ஆஸ்ட்ரோ பாட்' என்ற வேறு விளையாட்டுக்குப் போனது. வாதம் மட்டும் ஓயவில்லை.

குதிரைக் கவசத்திலிருந்து ராடான் வரையில் ரசிகர்கள் கேட்டது ஒன்றுதான். சொன்ன விலைக்குச் சொன்ன பொருள் வேண்டும். தோற்றால் தோற்ற காரணம் தெரிய வேண்டும். விலையில் நியாயம் கேட்டபோது அவர்கள் ஒன்றாக நின்றார்கள். மோதலில் நியாயம் என்று வந்தபோதோ, தான் ஏறிய ஏணியை அடுத்தவருக்குத் தரலாமா கூடாதா என்று பிரிந்து நின்றார்கள். நிறுவனம் ஒரு திருத்தத்தால் எதிரியின் பலத்தைக் குறைத்துவிடலாம். ஆவியை அழைத்து வென்றவரையும் சக வெற்றியாளராக ஏற்பது எந்தத் திருத்தத்திலும் வராது. அது ரசிகர்களின் கையில்தான் இருக்கிறது.