வடிவம் ஒன்று, வேகம் பல

ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த 27 நாடுகளிலும் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் அந்நாடுகளின் சந்தைக்கு வரும் புதிய கைப்பேசி, கேபிள் வழியே மின்னூட்டம் பெறுவதாயின், அதன் துளை யூ.எஸ்.பி. டைப்-சி என்னும் ஒரே வடிவில் அமைந்திருத்தல் வேண்டும். டேப்லட், காமிரா, ஹெட்ஃபோன், கையடக்க ஒலிபெருக்கி முதலியனவும் இச்சட்டத்துள் அடங்கும். மடிக்கணினிகளுக்கு மட்டும் 2026 ஏப்ரல் 28 வரை தவணை தரப்பட்டது.

சோற்றுப் பருக்கையளவுள்ள ஒரு துளையின் வடிவத்திற்காக நாடாளுமன்றம் கூடி வாதிட வேண்டுமா என்று வினவுவார் உளர். வாதம் நடந்தது ஓர் ஆண்டன்று, இரண்டு ஆண்டன்று. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள். அவ்வளவு வாதத்திற்குப் பின்னரும் அது பாதியளவே தீர்ந்தது என்பது நம் கருத்து.

கைப்பேசிகள் பெருகத் தொடங்கிய காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனியொரு துளையை வைத்துக்கொண்டிருந்தது. நோக்கியாவின் மெல்லிய உருண்டை முனை நம் வாசகர்க்கும் நினைவிருக்கும். சோனி எரிக்சனுடையது அகன்று தட்டையாயிருந்தது. 2009ஆம் ஆண்டளவில் ஐரோப்பியச் சந்தையில் ஏறக்குறைய 30 வகைச் சார்ஜர்கள் வழங்கின என்பர். கைப்பேசியை மாற்றினால் சார்ஜரும் குப்பைக்குப் போயிற்று. இந்நிலையை மாற்றுவதில் ஐரோப்பாவுக்கு முன்னரே சீனம் முந்திக்கொண்டது. 2006 டிசம்பரிலேயே அந்நாட்டரசு, சார்ஜரின் பக்கத்திலுள்ள துளை கணினிகளில் வழங்கும் யூ.எஸ்.பி. வடிவிலேயே இருக்க வேண்டுமெனத் தரம் வகுத்தது.

யூ.எஸ்.பி. என்பது கணினியோடு பிற கருவிகளை இணைப்பதற்காக 1996இல் வகுக்கப்பெற்ற பொது இணைப்பு முறை. அதனை வகுத்தோருள் முதன்மையாகப் பேசப்படுபவர் இன்டெல் நிறுவனத்தின் அஜய் பட். பரோடாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். விசைப்பலகைக்கும் அச்சுப்பொறிக்கும் தோன்றிய அம்முறை, பின்னாளில் உலகத்துக் கைப்பேசிகளுக்கெல்லாம் மின்னூட்டும் வழியாகும் என்று அன்று எதிர்பார்த்தவர் அரியர்.

2009 ஜூனில் ஐரோப்பிய ஆணையத்தின் முயற்சியால் பத்துப் பெரு நிறுவனங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிறகு அவை பதினான்காயின. மைக்ரோ யூ.எஸ்.பி. என்னும் வடிவைப் பொதுவாகக் கொள்வதென முடிவாயிற்று. இஃது ஆணையன்று, நல்லெண்ணத்தின்பாற்பட்ட உடன்பாடு. அதில் ஒரு வாயிலும் திறந்திருந்தது. கைப்பேசியின் துளை வேறாயிருந்தாலும், இடையே ஓர் இணைப்பித் துண்டை விற்பனைக்கு வைத்தால் உடன்பாட்டை நிறைவேற்றியதாகக் கொள்ளப்படும். கையெழுத்திட்டோருள் ஆப்பிளும் ஒன்று. அந்நிறுவனம் அவ்வாயில் வழியே எளிதாக வெளியேறிற்று. 2012 செப்டம்பரில் லைட்னிங் என்ற தன் சொந்த முனையை வெளியிட்டு, மைக்ரோ யூ.எஸ்.பி.க்கான இணைப்பியைத் தனியே விலைக்கு வைத்தது. லைட்னிங் கேபிள் செய்து விற்க விரும்பும் பிறர் ஆப்பிளிடம் உரிமம் பெற்றுக் கட்டணமும் செலுத்த வேண்டியதாயிற்று.

ஆயினும் ஒன்றை நடுநிலையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். லைட்னிங் நல்ல முனை. எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் பொருந்தியது, உறுதியாகவும் இருந்தது. மைக்ரோ யூ.எஸ்.பி.யோ ஒரு பக்கமாகவே நுழையும். இருட்டில் தடவிச் செருகித் துளையைக் கெடுத்தவர் பலர். 2009இல் உடன்பாட்டுக்குப் பதிலாகச் சட்டமே இயற்றியிருந்தால் ஐரோப்பா அந்த நலிந்த துளையோடு பிணைக்கப்பட்டிருக்கும். "சட்டம் வந்தால் புதுமை நின்றுவிடும்" என்று எதிர்ப்பாளர் கூறியதில் இவ்வளவு உண்மை உண்டு. இருபுறமும் பொருந்தும் டைப்-சி வகுக்கப்பட்டது 2014இல்தான்.

அதே 2014இல் வானொலிக் கருவிகள் பற்றிய ஐரோப்பியச் சட்டத்தில் பொதுச் சார்ஜர் குறித்து ஒரு வரி நுழைந்தது. ஆனால் ஆணையம் நிறுவனங்களின் மனமாற்றத்தையே மேலும் ஐந்தாறு ஆண்டுகள் எதிர்பார்த்திருந்தது. பொறுமையிழந்த நாடாளுமன்றம் 2020 ஜனவரி 30இல், கட்டாயச் சட்டம் வேண்டுமென்று 582 வாக்குகளால் தீர்மானித்தது, எதிர்த்தோர் நாற்பதின்மர். 2021 செப்டம்பரில் ஆணையம் சட்ட வரைவை வெளியிட்டது. பயன்படாமலும் எறியப்பட்டும் போகும் சார்ஜர்களால் ஆண்டுக்கு 11,000 டன் மின்கழிவு சேர்கின்றது என்பது அதன் கணிப்பு. 2022 அக்டோபர் 4இல் நடந்த இறுதி வாக்கெடுப்பில் 602 பேர் ஆதரித்தனர். 13 பேர் மட்டுமே எதிர்த்தனர்.

கழிவைப் பற்றி ஆப்பிளும் பேசியது. லைட்னிங் துளையுடைய கருவிகள் நூறு கோடிக்கு மேல் மக்கள் கையில் இருக்கின்றன, அவற்றின் கேபிள்களெல்லாம் ஒரே நாளில் குப்பையாகுமே என்பது அதன் வாதம். கைப்பேசிப் பெட்டியிலிருந்து சார்ஜரை நீக்கியபோதும் 2020இல் அது சொன்ன காரணம் கழிவைக் குறைப்பதே. ஒரே காரணம் இரண்டு திசைக்கும் வழி காட்டியது விந்தைதான்.

இவ்விடத்தில் பழைய வழக்கொன்றை நினைவுகூர்தல் தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் இருப்புப்பாதைகள் இரு வேறு அகலங்களில் அமைந்திருந்தன. ஸ்டீபன்சன் வழியினர் 4 அடி 8½ அங்குல அகலத்தில் தண்டவாளம் இட்டனர். புரூணெல் என்னும் பொறியியல் மேதை தமது கிரேட் வெஸ்டர்ன் பாதைக்கு 7 அடிக்குச் சற்று மிகுந்த அகலத்தைத் தேர்ந்தார். இரண்டும் சந்தித்த குளோஸ்டர் நகர நிலையத்தில் சரக்கையெல்லாம் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. மீட்டர் கேஜ் வண்டியினின்று இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு அகலப்பாதை வண்டியைத் தேடியோடிய நம்மவர்க்கு அந்தத் தொல்லையை விளக்க வேண்டுவதில்லை.

1845இல் அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. இரு தரப்பு எஞ்சின்களும் ஓட்டிப் பார்க்கப்பட்டன. அகலப்பாதை எஞ்சின்களே விரைவில் வென்றன. இருந்தும் ஆணையம் குறுகிய பாதைக்கே பரிந்துரை செய்தது. அன்று நாட்டில் குறுகிய பாதை 1,901 மைல் கிடந்தது; அகன்ற பாதையோ 274 மைல்தான். 1846இல் சட்டம் பிறந்தது. மேம்பட்டதை விடுத்துப் பரவியதைத் தேர்ந்தார்களே என்று புரூணெலின் அன்பர்கள் வருந்தினர். கிரேட் வெஸ்டர்ன் உடனே பணியவுமில்லை. அதன் கடைசி அகன்ற பாதை மறைந்தது 1892 மே மாதத்தில். ஆனால் அவர்கள் அஞ்சியதுபோல் வேகம் நின்றுவிட்டதா? 2007இல் பிரான்சு நாட்டின் தொடர்வண்டி ஒன்று மணிக்கு 574.8 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது அதே 4 அடி 8½ அங்குலத் தண்டவாளத்தின் மேல்தான். அகலத்தை நிலைநிறுத்திய சட்டம் எஞ்சினைத் தொடவில்லை. ஐரோப்பியச் சட்டமும் அவ்வாறே, தொழில்நுட்பம் வளர்ந்தால் தரத்தைப் புதுப்பிக்க இடம் வைத்துள்ளது.

ஆயின் தண்டவாளத்திற்கும் கேபிளுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. தண்டவாளத்தின் அகலத்தைக் கண்ணாலேயே காணலாம். டைப்-சி முனையைப் பார்த்து அதன் ஆற்றலை அறிய முடியாது. முழு அமைப்பில் அம்முனைக்குள் 24 சிறு தொடர்புகள் உண்டு. எல்லாவற்றுக்கும் கம்பி இழுத்த கேபிளும் உண்டு; சிலவற்றுக்கு மட்டும் இழுத்த கேபிளும் உண்டு. புறத்தோற்றம் இரண்டுக்கும் ஒன்றே. ஒன்று வினாடிக்கு 480 மெகாபிட் தரவையே கடத்தும். மற்றொன்று 40 கிகாபிட் வரை கடத்தும். மின்னாற்றலிலும் அப்படியே: 60 வாட்டோடு நிற்பதும் உண்டு, 240 வாட் தாங்குவதும் உண்டு. முன்னெல்லாம் வடிவமே வேற்றுமையைக் காட்டியது. இப்போது வடிவம் ஒன்றானதால் வேற்றுமை உள்ளே ஒளிந்துகொண்டது.

தீய கேபிள்களால் விளைந்த கேடும் சிறிதன்று. கூகுளின் பொறியாளர் பென்சன் லியுங், 2015 முதல் இணையச் சந்தையில் விற்ற டைப்-சி கேபிள்களைத் தாமே வாங்கிச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வந்தார். மின்னோட்டத்தை அளவோடு நிறுத்தவேண்டிய தடுப்பான் பல கேபிள்களில் தவறாக அமைந்திருந்தது. 2016 பிப்ரவரியில், கம்பிகளே மாற்றிப் பொருத்தப்பட்டிருந்த ஒரு கேபிள் அவருடைய மடிக்கணினியைப் பழுதாக்கிவிட்டது.

2023 செப்டம்பரில் ஆப்பிள் டைப்-சி துளையோடு ஐபோன் 15 வரிசையை வெளியிட்டது. விலையுயர்ந்த புரோ வகைகளின் துளை 10 கிகாபிட் வேகம் தரும்; எளிய வகைகளுடையது 480 மெகாபிட்தான். அந்த 480 என்பது 2000ஆம் ஆண்டில் வகுத்த வேகம். 10 கிகாபைட் அளவுள்ள ஒரு திரைப்படத்தைக் கடத்த, ஏட்டுக் கணக்கின்படி முன்னதற்கு 8 வினாடி போதும். பின்னதற்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆகும். புரோ வகையின் பெட்டியில் வைத்துத் தந்த கேபிளும் 480 மெகாபிட் கேபிளே. வேகம் வேண்டுவோர் வேறு கேபிளைத் தனியே வாங்க வேண்டும். இதில் சட்டமீறல் எதுவுமில்லை. சட்டம் மின்னூட்டத்தைப் பற்றி மட்டும் பேசியது. தரவின் வேகத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மின்னூட்ட வேகத்தில் மட்டும் சட்டம் விழிப்பாயிருந்தது. 15 வாட்டுக்கு மேல் மின்னூட்டம் பெறும் கருவி யாவும் யூ.எஸ்.பி. பவர் டெலிவரி என்னும் பொது முறையையும் ஏற்றல் வேண்டும். தன் சொந்தச் சார்ஜரில் மட்டும் விரைந்து ஏறி, அயல் சார்ஜரில் ஊர்ந்து செல்லும் தந்திரத்திற்கு அதனால் இடம் குறைந்தது. எத்தனை வாட் வேண்டும் என்பதைப் பெட்டியின் மேல் அச்சிடவும் விதித்தது.

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் எகிப்தின் சந்தைகளில் வழங்கிய அளவைக் கலங்களில் சிறு கண்ணாடி முத்திரைகள் பதிக்கப்பெற்றிருந்தன. இன்றும் அருங்காட்சியகங்களில் அவற்றைக் காணலாம். அதிகாரியின் பெயர், கிஸ்த்து, அரைக் கிஸ்த்து, கால் கிஸ்த்து என்னும் கொள்ளளவு, ஒலிவ எண்ணெயா பருப்பா என்பது வரை அவற்றில் அரபி எழுத்தில் பொறித்திருக்கும். கலத்தின் வடிவத்தை மட்டும் நம்பி எண்ணெய் வாங்கும்படி அன்றைய ஆட்சியாளர் மக்களை விடவில்லை. நமது கேபிள்களுக்கு அத்தகைய முத்திரையே இல்லாமலில்லை. யூ.எஸ்.பி. தரங்களை வகுக்கும் அமைப்பு, பலமுறை பெயர் மாற்றி மக்களை மயக்கிய பின், 2022இல் கிகாபிட் எண்ணையும் வாட் எண்ணையும் நேரடியாகக் குறிக்கும் அடையாளங்களை வெளியிட்டது. ஆனால் அவை சோதனைக்கு உட்பட்டுச் சான்று பெற்ற கேபிள்களுக்கே உரியவை. சான்று பெறுவதோ செய்வோரின் விருப்பம்.

ஐரோப்பாவைப் பின்பற்றிச் சவூதி அரேபியா 2025 ஜனவரி 1 முதல் கைப்பேசிகளுக்கு டைப்-சி துளையைக் கட்டாயமாக்கிற்று. இந்தியத் தர நிறுவனமும் டைப்-சிக்கான தரத்தை வெளியிட்டுள்ளது. துளை ஒன்றாகும் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. வேகத்தின் நிலை வேறு. 2025 செப்டம்பரில் வெளிவந்த ஐபோன் 17 வரிசையின் எளிய வகையும் அதே 480 மெகாபிட்டிலேயே நின்றது.