விண்மீன் போர்வையைத் தைத்த தாய்

1848-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், குவாதலூப்பே அன்னையின் திருத்தலம் அமைந்த ஊரிலே ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. போரில் தோற்ற மெக்சிக்கோ, இன்றைய கலிபோர்னியா, நெவாடா, யூட்டா முதலிய பரந்த நிலங்களை அமெரிக்க ஐக்கிய நாடுகளிடம் ஒப்படைத்தது. அங்கு வாழ்ந்தோர் ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. எனினும் சொந்த மண்ணிலேயே அயலார் ஆயினர். அந்த உடன்படிக்கைக்கு அன்னையின் ஊர்ப்பெயரே பெயராக நிலைத்துவிட்டது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஆனால் அன்னையின் உருவம் தோற்றவர்களை விட்டு அகலவில்லை. 1810-இல் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து எழுந்த மிகேல் ஹிதால்கோ என்னும் பங்குக்குரு ஏந்திய கொடியில் அவரே இருந்தார். 1966-இல் கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் டெலானோவிலிருந்து சாக்ரமெண்டோவுக்கு நடந்து, உயிர்ப்புப் பெருவிழா நாளில் போய்ச் சேர்ந்தபோதும், அவர்கள் தாங்கிச் சென்றது அவர் திருவுருவத்தையே.

இம்மரபில் வந்தவர் யோலாண்டா லோபெஸ். 1942-இல் சான் டியேகோவில் மெக்சிக்க-அமெரிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஓவியம், சுவரொட்டி, நிகழ்படம், பொருட்களை அடுக்கி அமைக்கும் காட்சிக்கலை எனப் பல துறைகளில் உழைத்தவர். 1968-இல் சான் பிரான்சிஸ்கோவில் மாணவர் வேலைநிறுத்தத்தில் பங்கு கொண்டார். மறு ஆண்டு, கொலைக்குற்றம் சாட்டப்பட்ட ஏழு இளைஞருக்காகச் சுவரொட்டி வரைந்தார். பக்திப்படம் தீட்டுபவராகத் தம்மைக் கருதியவர் அல்லர்.

ஆயினும் அவர் பெயரை நிலைநாட்டியவை 1978-இல் தீட்டிய மூன்று குவாதலூப்பே ஓவியங்களே. ஒன்றில் அவரே ஓட்டக்காரியாகப் பாய்ந்து வருகிறார். கையில் பாம்பு, தோளில் விண்மீன் போர்வை. மற்றொன்றில் அவருடைய பாட்டி, உரித்த பாம்புத்தோலும் கத்தியும் கையில் ஏந்தி, அமைதியாக அமர்ந்திருக்கிறார். இன்னொன்றில் தாய். தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்த அப்பெண்மணி இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்க, அன்னையின் நீலப்போர்வை அவருடைய ஊசியின் கீழ் நகர்கிறது. மூவரைச் சுற்றியும் அதே பொற்கதிர்கள்.

இது திருவுருவத்தை இழிவுபடுத்துவதாகாதா? பலர் அப்படியே எண்ணினர். குட்டை அங்கியும் உயர்குதிக் காலணியும் அணிந்து அன்னை நடந்து வருவதாக இவர் செய்த வேறொரு படத்தை 1984-இல் மெக்சிக்கோ நகர் மகளிர் இதழொன்று அட்டையில் வெளியிட, அவ்விதழுக்கு மிரட்டல்கள் வந்தன. ஓட்டக்காரியின் காலடியில் வானதூதர் கிடப்பது எனக்கும் உவப்பாயில்லை. அத்தூதரின் சிறகுகள் சிவப்பு, வெள்ளை, நீலம்; அவை எந்த நாட்டுக் கொடியின் நிறங்கள் என்று விளக்க வேண்டியதில்லை. அதை அறிந்த பின்னும் என் தயக்கம் முற்றும் நீங்கவில்லை.

தாயின் ஓவியத்தைப் பற்றி எனக்கு அத்தகைய தயக்கம் எதுவுமில்லை. நாசரேத்தூரில் தச்சரின் மனைவி கிழிந்த ஆடையைத் தைக்காமலா இருந்திருப்பார்? பட்டும் பொன்னும் நாம் அணிவித்தவை. அவற்றை யாரோ ஒருத்தி முதுகு வளைத்துத் தைத்தாள் என்பதை நாம் மறந்திருந்தோம். லோபெஸ் மறக்கவில்லை.

அதே 1978-இல் அவர் செய்த சுவரொட்டி ஒன்றில் ஆஸ்டெக் வீரர் ஒருவர், குடியேற்றத் திட்டத் தாள்களைக் கையில் கசக்கிப் பிடித்து, பார்ப்பவரை நோக்கி விரல் நீட்டுகிறார். சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறியவர் யார் என்பதே அவர் கேள்வி. 1848-ஐ அறிந்தவருக்கு அதன் கூர்மை புரியும்.

லோபெஸ் 2021 செப்டம்பரில் காலமானார். அருங்காட்சியகம் ஒன்றில் அவருக்கென்றே அமைந்த முதல் தனிக்கண்காட்சி, பிறந்த ஊரான சான் டியேகோவில், அடுத்த மாதம் திறக்கப்பட்டது. அன்னையும் தாயும் பாட்டியும் மகளும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டனர்.