சுரையின் வேரில் வத்தகப்பழம்



இந்த முறையும் நம்மில் பலருடைய வளவுகளில் வத்தகக்கொடி காய் பிடிக்கிற நேரத்தில் வாடிப் போயிருக்கிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் இன்னும் ஊற்றியவர்களும் உண்டு. அடித்தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே கபில நிறம் ஓடியிருந்தால் அநேகமாக அது பியூசேரியம் என்ற பங்கசு. வேரால் நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். பத்து வருடத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். பெரிய காணிக்காரர் வேறு நிலம் தேடலாம், பத்துப் பேர்ச் வளவில் நாம் எங்கே போவது?

இந்தக் கேள்வி நமக்கு முன்பே பலருக்கு வந்திருக்கிறது.

1890களில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இந்த நோய் தோட்டம் தோட்டமாக அழித்தது. எர்வின் ஸ்மித் என்ற விஞ்ஞானி காரணத்தைக் கண்டறிந்தார். அவருக்குப் பின் வந்த ஓர்ட்டன், நோய் தாங்கும் ஒரு காட்டு இனத்தோடு வத்தகையைக் கலந்து 1911இல் ‘கொங்கரர்’ என்ற ரகத்தை வெளியிட்டார். கொடி தப்பியது, ஆனால் பழம் சந்தையில் எடுபடவில்லை.

விடை வந்தது ஒரு விவசாயியிடமிருந்து. 1920களின் இறுதியில், ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் ஒருவர் பூசணி நாற்றின் மேல் வத்தக நாற்றை ஒட்டிப் பார்த்தார். வத்தகையைத் தாக்கும் அந்தப் பங்கசு வகைக்குப் பூசணி வேர் பிடிக்காது. வேர் ஒன்று, பழம் இன்னொன்று! பழத்தின் தரம் குறைகிறது என்ற குறை எழுந்ததால் பிறகு சுரை வேருக்கு மாறினார்கள். இன்று ஜப்பானிலும் கொரியாவிலும் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒட்டுக்கன்றுதான்.

ஆனால் ஒட்டும் யோசனை அதைவிடப் பழையது. 6ஆம் நூற்றாண்டுச் சீன விவசாய நூலான ‘சிமின் யாவ்ஷூ’வில், பத்துச் சுரைக்கொடிகளின் தண்டுகளைச் சேர்த்துக் கட்டி, ஒரு கொடியை மட்டும் வளரவிட்டுப் பெரிய சுரைக்காய் எடுக்கும் முறை இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தோடு சேர்த்துச் சாப்பிட்டதாக ஹதீஸில் வரும் ‘பித்தீஹ்’ வத்தகையா, மஞ்சள் வெள்ளரிப்பழமா என்று அறிஞர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. எதுவானாலும் இரண்டும் சுரையின் குடும்பம்தான்.

மற்ற நாடுகள் ஏன் இவ்வளவு தாமதித்தன? மீதைல் புரோமைட் என்ற நச்சு வாயுவை மண்ணில் செலுத்தி எல்லாவற்றையும் கொல்வது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. அது ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று 1992இல் மொன்ட்ரியல் உடன்படிக்கையில் சேர்த்தார்கள். செல்வந்த நாடுகள் 2005க்குள் கைவிட வேண்டியிருந்தது. அதன் பிறகுதான் பல இடங்களில் ஒட்டுக்கன்றின் மவுசு ஏறியது. மலிவான நஞ்சு கையில் இருக்கும்வரை நல்ல அறிவுக்கு மதிப்பில்லை போலும்.

வீட்டில் செய்ய விரும்புவோருக்கு: முதலில் சுரையை விதையுங்கள், ஒரு வாரம் கழித்து வத்தகையை. சுரையின் நடுக்குருத்தைக் கிள்ளி, அந்த இடத்தில் மெல்லிய ஈர்க்கால் சாய்வாகத் துளையிட்டு, சீவிய வத்தகத் தண்டைச் செருக வேண்டும். சுரையின் விதையிலைகளை விட்டுவிடுங்கள். ஒரு வாரம் நிழலிலும் ஈரப்பதத்திலும், மேலே பொலித்தீன் மூடி வைத்திருங்கள். முதல் தடவையில் பாதி போனாலும் மனம் தளராதீர்கள்.

நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்கட்டும். கொடி படரும் இடத்தில் வைக்கோல் பரப்புங்கள். மண்ணில் பட்ட இடத்தில் வத்தகை தன் சொந்த வேரை விட்டால், பங்கசுக்குப் பழைய வாசல் திறந்துவிடும்.