தீர்வைச் சீட்டும் உடைமையும்: பண்டாரப்பாட்ட விளம்பரத்தின் ஒரு விதியும் தேங்காய்ப்பட்டணத்து வீட்டுவரியும்

பழைய திருவிதாங்கூரின் தென் தாலுகாக்களில் வீட்டுக்காரர்கள் வரி ரசீதையே உடைமைக்குச் சான்றாகப் போற்றிவைக்கும் வழக்கத்தைச் சட்ட அறியாமை என்று விளக்குவது நிலவருவாய் ஆய்வில் நிலைபெற்றுவிட்ட ஒரு போக்கு. வரி செலுத்துவது கடமை. உடைமையோ கிரயம், பாகப்பிரிவினை, தானம் முதலிய ஆவணங்களால் வருவது. கிராமத்தார் இரண்டையும் குழப்பிக்கொண்டனர் என்பது அப்போக்கின் சாரம். இன்றைய சட்டநிலையைப் பொறுத்தவரை இதில் பிழையில்லை. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறுவதால் உரிமை தோன்றுவதும் இல்லை, அழிவதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் சாவர்ணி எதிர் இந்தர் கௌர் வழக்கில் தெளிவாகவே கூறியிருக்கிறது. ஆனால் இன்றைய சட்டத்தைக் கொண்டு நேற்றைய நம்பிக்கையை அளப்பது வரலாற்று முறையாகாது. தேங்காய்ப்பட்டணம் உள்ளிட்ட பழைய விளவங்கோடு தாலுகாவில் இந்நம்பிக்கைக்கு அடித்தளமிட்டது ஓர் அரச ஆவணம் என்பதும், நிலத்தீர்வையைப் பற்றிய அந்நம்பிக்கை வீட்டுவரிக்குப் பெயர்ந்த இடத்தில்தான் சிக்கல் பிறந்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

அவ்வாவணம், ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், மாதவராவ் திவானாக இருந்தபோது, 1865 ஜூன் 2 அன்று (கொல்லம் 1040) வெளியான பண்டாரப்பாட்ட விளம்பரம். பண்டாரப்பாட்டம் என்பது அரசே ஜன்மியாக, அதாவது நிலத்தின் மூல உடைமையாளராக, இருந்துகொண்டு குடிகளிடம் பாட்டத்துக்கு, அதாவது குத்தகை முறையில், விட்டிருந்த நிலவகையைக் குறிக்கும். இந்நிலங்களைக் குடிகள் தலைமுறை தலைமுறையாக அனுபவித்துவந்தபோதிலும் அவற்றை விற்கவோ ஒற்றி வைக்கவோ சட்டத்தின் ஆதரவு அவர்களுக்கு இல்லை. விளம்பரம் இந்நிலையை மாற்றி, அந்நிலங்கள் மீதான தன் விருப்பதிகாரத்தை அரசு கைவிடுவதாகவும், அவை வாரிசுகளுக்குச் சேரத்தக்கவை, விற்கத்தக்கவை என்றும், பொதுத்தேவைக்கு எடுக்கப்பட்டால் இழப்பீடு தரப்படும் என்றும் அறிவித்தது. அவற்றோடு சேர்த்து, விதிக்கப்பட்ட தீர்வை செலுத்தப்பட்டு வரும் வரையில் நிலத்தைக் கையில் வைத்திருப்போர் இடையூறின்றி அனுபவிக்கலாம் என்ற உறுதியும் தரப்பட்டது. சர்ச்சைக்குரியது இந்த இறுதி உறுதிமொழியே.

முன்னைய ஆய்வுப் போக்கு இதனை வெறும் நிபந்தனையாகப் படிக்கிறது. அதன்படி, உடைமையைத் தந்தவை விற்பனை உரிமையும் வாரிசுரிமையும் பற்றிய விதிகள்; தீர்வை பற்றிய வாசகமோ, வரி நிலுவையை வசூலிக்கும் தன் அதிகாரத்தை அரசு தக்கவைத்துக்கொண்டதன் அடையாளம் மட்டுமே; ஆகவே தீர்வைச் சீட்டுக்கு அன்றும் உடைமைச் சான்று என்ற தகுதி இருந்ததில்லை. சொல்லமைப்பை மட்டும் நோக்கினால் இவ்வாசிப்பு பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் விளம்பரம் யாரை நோக்கிப் பேசுகிறது என்ற வினாவை எழுப்பினால் அது நிலைகுலைகிறது. விளம்பரத்தில் எந்தக் குடியின் பெயரும் இல்லை. தனித்தனிப் பட்டயம் எதனையும் அது வழங்கவில்லை. நிலத்தைக் கையில் வைத்திருப்போர் என்று பொதுப்படச் சுட்டுவதோடு நிற்கிறது. அவர்கள் யார் என்று அடையாளம் காண அன்றைய அரசிடம் இருந்த ஒரே கருவி வருவாய்க் கணக்கே. தண்டப்பேர் என்று வழங்கிய, ஒவ்வொரு குடியின் பெயரிலும் தீர்வைப் பற்றை எழுதிய கணக்கு இனமே, விளம்பரத்தின் பயன் யாருக்குச் சேரவேண்டும் என்பதைக் காட்டியது. பயனாளியை வரிக்கணக்கினால் மட்டுமே அறியக்கூடிய ஒரு சட்டத்தில், வரி செலுத்துவதைப் புறநிபந்தனை என்று ஒதுக்கிவிட முடியாது.

இதற்கு வலுவூட்டும் மற்றொரு காரணமும் உண்டு. 1865-க்கு முன் பாட்ட நிலத்தைக் கைமாற்றிக்கொண்ட குடும்பங்களிடம் ஓலை எழுத்துகள் இருந்திருக்கலாம். ஆனால் அவற்றை அரசு அங்கீகரிக்கவில்லை. அரசின் கையிலிருந்து அக்குடும்பங்களுக்கு வந்த எழுத்து தீர்வைச் சீட்டு ஒன்றே. இழப்பீட்டு விதியும் இதையே உணர்த்துகிறது: 1860-இல் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டவர்மா கால்வாய்ப் பணியைப் போன்ற பெரும் வேலைகள் கரையோரத்தில் நடந்துவந்த காலத்தில், எடுக்கப்படும் நிலத்துக்கான தொகையை யாரிடம் தருவது என்ற கேள்விக்கு, விற்பனைப் பத்திரமே இல்லாத குடியின் தரப்பில், கணக்கில் உள்ள பெயரைத் தவிர வேறு விடை இருந்திருக்க வழியில்லை. எனவே தீர்வைச் சீட்டைப் பெட்டியில் பூட்டிவைத்த குடியானவர் சட்டத்தை அறியாதவர் அல்லர். தம் காலத்துச் சட்டத்தைச் சரியாகவே புரிந்துகொண்டவர். இவ்வாசிப்பு விளம்பரத்தின் எல்லா வாசகங்களுக்கும் இறுதி விளக்கமாகாது என்பதை ஏற்கலாம். ஆனால் அறியாமை என்ற விளக்கத்தைவிட இது சான்றுகளோடு மிகுதியும் ஒத்துப்போகிறது.

விளம்பரம் பண்டாரப்பாட்ட நிலங்களை மட்டுமே தழுவியது, தனி ஜன்மிகளுக்கும் கோயில்களுக்கும் உரிய நிலங்களை அல்ல என்ற மறுப்பு எளிதில் எழும். அது உண்மையே, ஆயினும் முடிவை மாற்றாது. 1946-இல் (கொல்லம் 1121) வந்த நிலவரி விளம்பரம், நிலம் எவ்வகை உடைமையைச் சேர்ந்தது என்று பாராமல் ஏக்கருக்கு 14 சக்கரம் என்ற சீரான அடிப்படை வரியை விதித்தது. அதன்பின் முன்னாள் பாட்டக் குடிக்கும் பிறருக்கும் ஒரே வகைச் சீட்டு கிடைத்தது. ஒரு வகுப்பாருக்கு மெய்யாக இருந்த பொருள் எல்லோர் கையிலும் உள்ள தாளுக்குப் பரவியதில் வியப்பில்லை. வரியையும் உடைமையையும் இணைத்துப் பார்ப்பது பாமர மனநிலை என்ற கூற்றுக்கோ நீண்ட மறுமொழி தேவையில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பிறர் நிலத்தை எதிரனுபவத்தால், அதாவது உடைமையாளருக்கு எதிராக நெடுங்காலம் வெளிப்படையாக அனுபவித்து, தமதாக்கிக்கொள்ள விரும்புவோர் 5 ஆண்டுகளும் அந்நிலத்தின் வரியைச் செலுத்தியிருக்கவேண்டும் என்று சட்டமே கட்டளையிடுகிறது. அங்கு மாவட்ட நிருவாகம் நிலத்தையும் கட்டடத்தையும் பொதுவாக ஒரே சீட்டில் மதிப்பிட்டு வரி கேட்கிறது என்பதும் இங்குக் கருதத்தக்கது.

ஏனெனில் திருவிதாங்கூரிலும் நெடுங்காலம் அப்படியே இருந்தது. புரையிடம் எனப்பட்ட, வீடும் தோட்டமும் சேர்ந்த நிலத்துக்குத் தென்னை, கமுகு, பலா முதலிய காய்க்கும் மரங்களை எண்ணித் தீர்வை கணித்தனர். தேங்காய்ப்பட்டணம் போன்ற தென்னஞ்சோலைக் கரையில் வரி விழுந்தது மரத்தின் மீது. மரத்தடியில் நின்ற வீடு அத்தீர்வைக்குள் அடங்கியது. ஆகவே ஒரு சீட்டு மண்ணையும் மரத்தையும் கூரையையும் ஒருசேரச் சுட்டியது. ஊராட்சிகளின் வளர்ச்சியோடு வீடு நிலத்திலிருந்து பிரிந்து தனி வரிப்பொருளாயிற்று. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்ததும், 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ரயத்துவாரி முறை, அதாவது அரசு குடியிடம் நேரடியாகத் தீர்வை பெறும் முறை, இங்கு வந்ததும், நிலத்தின் பக்கத்தைப் பட்டா என்ற புதிய தாளுக்கு மாற்றின. வீட்டின் பக்கம் ஊராட்சியின் கேட்புப் பதிவேட்டில், அதாவது யாரிடம் எவ்வளவு வரி பெறவேண்டும் என்று எழுதும் ஏட்டில், தங்கியது. பிரிவினை முழுமையாக நடந்தது. அதனை வீட்டுக்காரருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 172-ஆம் பிரிவை இந்நோக்கில் படிப்பது பயன் தரும். வீட்டுவரியை ஆண்டு வாடகை மதிப்பு, மூலதன மதிப்பு அல்லது விதிகள் வகுக்கும் வேறோர் அடிப்படையில் விதிக்கலாம் என்று கூறும் அப்பிரிவு, அவ்வரி வீட்டின் மீது முதற்பொறுப்பாக, அதாவது மற்றக் கடன்களுக்கு முன்னே தீர்க்கப்படவேண்டிய சுமையாக, நிற்கும் என்கிறது. ஆனால் வீட்டுமனைக்குரிய நிலவருவாய் பாக்கி இருந்தால் அதற்கு அடுத்தபடியாகவே நிற்கும் என்றும் சேர்க்கிறது. மனைக்கு ஒரு வரியும் வீட்டுக்கு ஒரு வரியும் தனித்தனியே உள்ளன என்பதைச் சட்டமே அறிந்து எழுதிய இடம் இது. மேலும் அச்சட்டம் வீட்டுக்குத் தரும் வரையறை, மனிதர் பயன்பாட்டுக்குத் தகுந்த கட்டடமோ குடிசையோ பொதுவழியிலிருந்து தனி முதன்மை வாசல் கொண்டிருப்பதைக் கேட்கிறதே ஒழிய, மனை யாருடையது என்பதைக் கேட்கவில்லை. ஒரே கூரையின் கீழ் அண்ணனும் தம்பியும் இடையில் சுவர் வைத்துத் தனித்தனி வாசல் வைத்துக்கொண்டால், பாகப்பத்திரம் எழுதப்படாவிட்டாலும், வரிக்கு அவை இரண்டு வீடுகள் ஆகலாம். பழைய தீர்வைச் சீட்டு உடையவரைக் காட்டியது; வீட்டுவரி ரசீது வாசலைக் காட்டுகிறது. பழைய சீட்டின் தகுதியைப் புதிய ரசீதுக்கு ஏற்றியதே பிழை. பழைய சீட்டை மதித்தது பிழையன்று.

இதன் நடைமுறை விளைவு ஊராட்சி எல்லையில் வாழும் வீட்டுக்காரரை நாள்தோறும் தொடுகிறது. நிலத்தீர்வை கிராம நிர்வாக அலுவலரிடம், ஜூலை 1-இல் தொடங்கும் பசலி ஆண்டுக் கணக்கில் செல்கிறது. வீட்டுவரி, நூலக வரியோடு சேர்ந்து, ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக் கணக்கில் ஊராட்சிக்குச் செல்கிறது. பழைய குடும்பமொன்றின் தாள்கட்டில் 1040-களின் கொல்லம் ஆண்டுச் சீட்டும், 1434-ஆம் பசலி என்ற ரசீதும், 2024-25 என்று அச்சிட்ட வீட்டுவரி ரசீதும் அடுத்தடுத்து இருக்கக்கூடும். அவற்றில் உள்ள பெயர்களும் அவ்வாறே வேறுபடும். பட்டா தாத்தாவின் பெயரில், வீட்டுவரி வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனின் பெயரில், குடியிருப்பவரோ மகள் என்ற நிலை கரையோரத்தில் அரிதன்று. இணையவழியில் வரி கட்டும் வசதி வந்தபின் இவ்விடைவெளி குறையவில்லை. ஏட்டில் எந்தப் பெயர் உள்ளதோ அந்தப் பெயரையே ரசீது அச்சிடுகிறது, பட்டாவோடு அது ஒப்பிடுவதில்லை. வீட்டுவரிப் பெயர் மாற்றத்தை ஊராட்சியிலும், பட்டா மாறுதலை வருவாய்த் துறையிலும் வீட்டுக்காரர் தனித்தனியே கோரவேண்டும். ஒன்று நடந்தால் மற்றது தானே நடந்துவிடும் என்று இருப்பவர்களே பாகப்பிரிவினையின்போதும் வங்கிக் கடனின்போதும் இடர்ப்படுகின்றனர்.

அதற்காக வீட்டுவரி ரசீதைப் பயனற்ற தாள் என்று தள்ளும் மறுகோடியும் ஏற்கத்தக்கதன்று. ஒரு வீட்டில் யார், எந்த ஆண்டு முதல் இருந்தனர் என்பதற்கு நீதிமன்றங்கள் அதனைத் துணைச்சான்றாகக் கொள்கின்றன. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின்கீழ் தனியார் நிலத்தில் 12 ஆண்டுகள், அரசு நிலத்தில் 30 ஆண்டுகள் என்ற அனுபவக் காலத்தை எண்ணவேண்டிய வழக்குகளில் தொடர்ச்சியான ரசீதுகளின் எடை சிறிதன்று. ஆண்டு விடுபடாமல் வரி கட்டுவதன் மெய்யான பயன் இங்கேதான் இருக்கிறது. இதே காரணத்தால் ஊராட்சிகளின் பழைய கேட்புப் பதிவேடுகள், வசூல் முடிந்த கணக்குகள் என்று கழிக்கப்படாமல் காக்கப்படவேண்டும். கடலோடு போன வீடுகளுக்கும், பத்திரமே எழுதப்படாத கரையோரக் குடியிருப்புகளுக்கும் அவ்வேடுகளே வரலாறு. 1980-களுக்கும் அதற்கு முந்தைய காலத்துக்கும் உரிய ஏடுகளை மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு மாற்றும் பணியை ஊராட்சிகளும் மாவட்ட நிருவாகமும் இனியும் தள்ளிப்போடலாகாது.